கொப்பியின் கடைசிப் பக்கங்கள்: உளச்சிதைவு நோயை எப்படிப் புரிந்துகொள்வது?

“டீச்சர், மகனுக்கு ஆரோ செஞ்சிட்டாங்க. ஓதிப் பார்க்கக் கூட்டிட்டுப் போறோம். கொஞ்ச நாளைக்கு லீவு வேணும்.”

சில வருடங்களுக்கு முன்னர், பாடசாலை அலுவலக வாசலில் நின்று ஒரு தாய் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிய ஒரு பாடசாலையில் நான் அப்போது உயர்தரக் கலைப் பிரிவுக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவரது மகன் நன்றாகப் படிக்கும் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போவான் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். “ஓதிப் பாருங்கோ ராத்தா, அல்லாஹ் லேசாக்குவான்” என்று சொல்லி அனுப்பினேன். வைத்தியரிடமும் காட்டுங்கள் என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை.

அதன் பிறகு அந்தப் பிள்ளை ஒரு வைத்தியசாலையின் வாசலை மிதிக்கப் பதினொரு மாதங்கள் ஆகின. இந்தக் கட்டுரையை எழுதவைப்பது அந்தப் பதினொரு மாதங்கள்தான். அவனும் அவனது உம்மாவும் சம்மதித்த பின்னரே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல, ஆசிரியை. தெரியாமல் செய்த தவறுக்குப் பிறகு, வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் கற்றுக்கொண்டதைப் பகிர்கிறேன்.

நான் காணத் தவறியவை

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கல்வி உளவியல் படிப்பித்தார்கள். பிள்ளையின் வளர்ச்சிப் படிகள், கற்றல் கோட்பாடுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் மெல்ல மெல்ல நோயாளியாவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் அவன் நண்பர்களை விட்டு விலகினான். இடைவேளையில் கன்டீனுக்குப் போகாமல் வகுப்பிலேயே இருந்தான். குளிப்பதும் உடுப்பு மாற்றுவதும் குறைந்தன. கேள்வி கேட்டால் நீண்ட நேரம் கழித்து, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். சில நேரம் தனியாகச் சிரிப்பான். ஒரு நாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், “என்ன, நீயும் ஐஸ் பாவிக்கத் தொடங்கிட்டியா?” என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றும், இரண்டு ஆண்களின் குரல்கள் தான் செய்யும் ஒவ்வொன்றையும் விமர்சிக்கின்றன என்றும் அவன் அப்போது நம்பிக்கொண்டிருந்தான். அந்தக் குரல்களோடு என் குரலும் சேர்ந்துகொண்டது என்று பின்னர் அவனே சொன்னான்.

வீட்டில், முதலில் சோதனைப் பயம் என்றார்கள். பிறகு கண்ணூறு, பிறகு செய்வினை. ஒருவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஒருவர் தகடு எடுக்க வேண்டும் என்றார். தூரத்து ஊர் ஒன்றில் ஒருவர், ஜின்னை விரட்டுகிறேன் என்று பிள்ளையின் கால்களைக் கட்டிப் பிரம்பால் அடித்தார். உம்மாவின் காப்புகள் விற்கப்பட்டன. கடைசியில் ஒரு நள்ளிரவு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தனியாக நின்றவனை ஒரு த்ரீவீல் சாரதி கண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார். அந்த மனிதரின் வற்புறுத்தலால்தான் மறுநாள் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள்.

இது என்ன நோய்?

நோயின் பெயர் ஸ்கிட்சோஃப்ரேனியா. தமிழில் உளச்சிதைவு அல்லது மனச்சிதைவு என்கிறோம். 1908இல் சுவிட்சர்லாந்து வைத்தியர் ஆய்கன் ப்ளாய்லர் இந்தப் பெயரை வைத்தார். ‘பிளவுபட்ட மனம்’ என்ற பொருள் கொண்ட அந்தப் பெயரால் ஒரு தவறான எண்ணமும் பரவியது. சினிமாவில் வருவது போல ஒரே உடலில் இரண்டு ஆட்கள் இருப்பதல்ல இந்த நோய். சிந்தனை, உணர்வு, புலன்கள் ஆகியவை ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்வது குழம்பிப்போவதே இது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 2 கோடி 40 இலட்சம் பேருக்கு, அதாவது சுமார் 300 பேரில் ஒருவருக்கு, இந்த நோய் இருந்தது. பணக்காரர், ஏழை, தொழுகையாளி, தொழாதவர் என்று அது பார்ப்பதில்லை. ஆண்களில் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும், பெண்களில் சற்றுப் பிந்தியும் தொடங்குகிறது. நமது சமூகத்தில் அது உயர்தரப் பரீட்சை, வெளிநாட்டுப் பயணம், கலியாணம் ஆகியவற்றின் வயது. அதனால்தான் சோதனைப் பயம், ஆரோ செய்தது, காதல் தோல்வி என்று வேறு காரணங்கள் உடனே கிடைத்துவிடுகின்றன.

காரணம் ஒன்றல்ல. பரம்பரைக்குப் பங்குண்டு: பெற்றோரில் அல்லது உடன்பிறந்தோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ பத்து வீதம். ஆனால் ஒரே உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும், மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதி அளவுதான். எனவே பரம்பரை மட்டுமே விதியல்ல. மூளையில் டோபமைன் போன்ற இரசாயனங்களின் செயற்பாடு மாறுவது, பிறப்புக்கு முன்னும் பின்னும் ஏற்படும் பாதிப்புகள், கடும் மன அழுத்தம், இளவயதில் கஞ்சா பாவனை ஆகியவையும் சேர்கின்றன. வளர்ப்புப் பிழையால் வருவதல்ல. இதை ஒவ்வொரு தாயிடமும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

அறிகுறிகள்

வைத்தியர்கள் அறிகுறிகளை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள்.

முதலாவது, இல்லாதவை வந்து சேர்வது. யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள், தொலைபேசிக் கோபுரம் தன் எண்ணங்களை ஒலிபரப்புகிறது என்பன போன்ற அசையாத நம்பிக்கைகள், தொடர்பற்ற பேச்சு ஆகியன இதில் அடங்கும். அந்தக் குரல் நமக்குத்தான் பொய். அவருக்கு அது நீங்கள் பேசுவதைப் போலவே காதில் விழுகிறது.

இரண்டாவது, இருந்தவை குறைந்துபோவது. பேச்சு, முகபாவம், ஆர்வம், சுத்தம், உறவாடும் விருப்பம் எல்லாம் வற்றிப்போகும். “சோம்பேறி”, “பொறுப்பில்லாதவன்” என்று நாம் ஏசுவது பெரும்பாலும் இந்த அறிகுறிகளைத்தான்.

மூன்றாவது, கவனம், ஞாபகம், திட்டமிடல் ஆகியவை பாதிக்கப்படுவது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை திடீரென்று பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கானிலோ “இது உளச்சிதைவு” என்று தெரிவதில்லை. அவற்றைச் செய்வது, இதே போன்ற அறிகுறிகளைத் தரக்கூடிய வேறு காரணங்களை விலக்குவதற்காக: தைரொயிட் கோளாறு, வலிப்பு, மூளைத் தொற்று, கட்டி, போதைப்பொருள். ஐஸ் பாவனையும் குரல் கேட்பதையும் சந்தேக நோயையும் உண்டாக்கும் என்பதால், வைத்தியர் அதைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் கோபப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நோயை உறுதி செய்வது நோயாளியுடனும் குடும்பத்துடனும் நீண்ட நேரம் பேசித்தான். முக்கிய அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகோல். ஆறு மாதத் தொடர்ச்சியைப் பார்ப்பது அமெரிக்க அளவுகோல்.

அவனை அனுமதித்த பின்னர், “எப்போது தொடங்கியது?” என்று உளநல வைத்திய நிபுணர் கேட்டார். பரீட்சை நெருங்கிய மாதத்தில் என்றது குடும்பம். தாய் என்னிடம் வந்து கேட்டபோது, நான் அவனது பழைய கட்டுரைக் கொப்பிகளைத் தேடி எடுத்தேன். நான் திருத்தித் திகதி போட்டுக் கையெழுத்திட்ட பக்கங்கள் அவை. குடும்பம் சொன்ன காலத்துக்கு எட்டு மாதங்கள் முன்பே கையெழுத்து மாறியிருந்தது. வாக்கியங்கள் பாதியில் நின்றன. கடைசிப் பக்கங்களில் இலக்கங்களும் கோடுகளும், “அவர்கள் கேட்கிறார்கள்” என்ற வரி பல தடவையும் இருந்தன. அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் நான் எழுதியிருந்தேன்: “கவனமின்மை. சுத்தமாக எழுதவும்.”

ஆசிரியர்களே, பெற்றோருக்குத் தெரிவதற்கு முன்பே இந்த நோய் நமது கைக்கு வந்துசேர்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பது நமது வேலையல்ல. மாற்றத்தைக் கண்டு, ஏசாமல், பெற்றோரை அழைத்துச் சொல்வது நமது வேலை.

சிகிச்சை

1952இல் பாரிஸில் குளோர்புரோமசீன் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கும் வரை, இந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது அடைத்துவைக்கும் கட்டடங்கள்தான். இன்று ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் உள்ளன. இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் பயனில்லாதவர்களுக்கு க்ளோசபின் தருகிறார்கள். அதற்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம். தினமும் குளிசை எடுக்க முடியாதவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒரு தடவை போடும் ஊசியும் உண்டு.

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். நித்திரை, உடல் பருத்தல், கை நடுக்கம், தசை இறுக்கம் போன்ற பக்கவிளைவுகள் வரலாம். வந்தால் வைத்தியரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம். தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. சுகமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்தும்போதே நோய் திரும்புகிறது.

நம் மாணவனுக்கும் அதுதான் நடந்தது. மூன்று வாரம் வார்டில் இருந்து தெளிந்து வந்தவன், அடுத்த றமழானில் நோன்பு பிடிப்பதற்காகக் காலைக் குளிசையை விட்டான். இரவுக் குளிசை தூங்கவைக்கிறது, ஸஹருக்கு எழும்ப முடியவில்லை என்று அதையும் விட்டான். நோன்புப் பெருநாள் வருமுன் குரல்கள் திரும்பிவிட்டன.

றமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் பேசுங்கள். பல மருந்துகளை இப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ எடுக்கும்படி மாற்ற முடியும். முடியாது என்று வைத்தியர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இவருக்கும் உரியது. நீரிழிவுக்காரருக்கு அந்தச் சலுகையை நாம் தயங்காமல் சொல்கிறோம்.

மருந்தோடு, நோயைப் பற்றிக் குடும்பத்துக்கு விளக்குவது, உளவளத்துணை, தொழிற்பயிற்சி ஆகியவையும் வேண்டும். குறைந்தது மூவரில் ஒருவர் முழுமையாகக் குணமடைய முடியும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இன்னும் பலர் மருந்தோடு வேலை செய்து, குடும்பம் நடத்தி வாழ்கிறார்கள்.

ஜின்னா, நோயா?

நம்மிடையே அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஜின்கள் உண்டு என்பது நமது ஈமானின் பகுதி. அதை நான் விவாதிக்க வரவில்லை. ஆனால் ஜின் உண்டு என்று நம்புவது ஒன்று, இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஜின்தான் என்று முடிவு கட்டுவது வேறு. முதலாவது அகீதா. இரண்டாவது ஒரு நோய் நிர்ணயம். அதைச் செய்ய அறிவு வேண்டும்.

நோயைத் தந்தவன் அதற்குரிய மருந்தையும் தந்திருக்கிறான், எனவே மருத்துவம் செய்யுங்கள் என்பது நபியவர்கள் காட்டிய வழி. சித்த சுவாதீனம் இழந்தவரின் செயல்களைப் பதியாமல் பேனை உயர்த்தப்படுகிறது என்பதும் நாம் மத்ரஸாவில் படித்ததுதான். அப்படி மார்க்கம் குற்றம் பிடிக்காத ஒருவரை, நாம் கட்டிவைத்து அடிக்க யார் அனுமதி தந்தது?

நமது வரலாறும் இதையே சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அபூ ஸைத் அல் பல்கீ உடலின் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு நூலே எழுதினார். 1284இல் கெய்ரோவில் எழுந்த கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. 1488இல் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனையில் இசையாலும் நீரோசையாலும் அவர்களை அமைதிப்படுத்தினார்கள். வக்ஃப் சொத்தில் இதற்கு மருத்துவமனை கட்டிய உம்மத்தின் பிள்ளைகள் நாம்.

ஓதுங்கள், துஆச் செய்யுங்கள், அது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆறுதல். ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு. அடித்தல், பட்டினி போடுதல், புகை போடுதல், மருந்தை நிறுத்தச் சொல்லுதல், நகையைக் கேட்டல் ஆகியவற்றில் ஒன்றைச் செய்பவரிடமிருந்தும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழும்பி வந்துவிடுங்கள்.

குடும்பத்தின் கையில் இருப்பது

நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர், இலங்கையில் முதல் தடவை அனுமதிக்கப்பட்ட உளச்சிதைவு நோயாளிகளை ஐந்து வருடங்கள் தொடர்ந்து பார்த்து, 1979இல் முடிவை வெளியிட்டார். மேற்கு நாடுகளின் நோயாளிகளை விட இங்குள்ளவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். நோய் வரும், போகும் என்று நம்பி, நோயாளியைக் குடும்பம் மீண்டும் தன் வேலைகளில் சேர்த்துக்கொண்டது ஒரு காரணம் என்று அவர் கருதினார். இத்தகைய ஆய்வுகளை அப்படியே பொதுமைப்படுத்தக் கூடாது என்று பின்வந்தவர்கள் எச்சரித்தார்கள். ஆயினும் குடும்பத்தின் பங்கை யாரும் மறுக்கவில்லை. இங்கிலாந்தில் ஜோர்ஜ் பிரவுன் செய்த ஆய்வுகள், ஓயாத குற்றம் கூறலும் பகையுணர்வும் உள்ள வீடுகளுக்குத் திரும்புகிறவர்களுக்கு நோய் அதிகம் மீள்வதைக் காட்டின.

ஆகவே, குரல் கேட்கிறது என்றால் “பொய் சொல்லாதே” என்று வாதாட வேண்டாம். “ஓம், எனக்கும் கேட்குது” என்று நடிக்கவும் வேண்டாம். “எனக்குக் கேட்கல்ல, ஆனா உனக்குப் பயமா இருக்கும் என்டு விளங்குது” என்று சொல்லலாம். சின்னச் சின்ன வேலைகளைக் கொடுங்கள். சாக விரும்புவதாகச் சொன்னால் ஒருபோதும் அலட்சியம் செய்யாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் வன்முறையாளர்கள் அல்லர். அவர்களே பெரும்பாலும் வன்முறைக்கு ஆளாகிறார்கள்.

இன்னொன்று. “கலியாணம் முடிச்சு வெச்சா எல்லாம் சரியாகும்” என்பது மருந்தல்ல. நோயை மறைத்து நிகாஹ் செய்துவைத்தால் இரண்டு உயிர்கள் சீரழிகின்றன. மாப்பிள்ளை மூன்று மாதத்தில் குளிசையை ஒளித்து விழுங்கவோ அல்லது விட்டுவிடவோ வேண்டிய நிலை வருகிறது. நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர் கலியாணம் செய்ய முடியாது என்றில்லை. உண்மையைச் சொல்லிச் செய்ய வேண்டும் என்பதே பேச்சு.

எங்கே போவது?

“அங்கொடைக்கு அனுப்பணும்” என்பது நமது ஊர்களில் ஓர் ஏச்சுப் பேச்சு. அங்கொடை இன்று தேசிய மனநல நிறுவகம். அது மட்டுமல்ல, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கைக்குப் பிறகு இந்தச் சேவை மாவட்ட மட்டங்களுக்கு விரிந்துள்ளது. கண்டி மாவட்டத்தவர்களுக்குப் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. அரச கிளினிக்கில் வைத்தியமும் மருந்தும் இலவசம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலேயே கேளுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

நமது நாட்டில் மனநோயாளரைப் பற்றிய சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டில் இருக்கிறது. சட்டம் பழையது என்று குறை சொல்லலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை “பைத்தியம்” என்று கூப்பிடுவதை நிறுத்த எந்தச் சட்டமும் மாறத் தேவையில்லை.

அந்த மாணவன் பல்கலைக்கழகம் போகவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். பதினொரு மாதங்கள் முந்தியிருந்தால் போயிருப்பானா என்று எனக்குத் தெரியாது. நோய் எவ்வளவு காலம் சிகிச்சையின்றி இருக்கிறதோ அவ்வளவுக்குத் தேறுவது கடினம் என்பது மட்டும் தெரியும். இன்று அவன் ஒரு உறவினரின் கடையில் கணக்குப் பார்க்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக் போகிறான். சில நாட்களில் கை இலேசாக நடுங்கும். ஜும்ஆவுக்குப் போகிறான், ஆனால் கடைசி வரிசையில்தான் நிற்பானாம். முன்னால் நின்றால் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அவன் சொல்வது நோயால் அல்ல. உண்மையிலேயே பார்க்கிறார்கள்.

கண்டிப் பகுதியின் கதீப்மார்களிடம் ஒரு ஆசிரியையாக ஒரே ஒரு வேண்டுகோள்: வருடத்தில் ஒரு குத்பாவை இந்த நோய்க்கு ஒதுக்குங்கள். நீங்கள் மிம்பரிலிருந்து “வைத்தியரிடம் காட்டுங்கள்” என்று சொன்னால், என்னைப் போன்றவர்கள் பாடசாலை வாசலில் சொல்லத் தவறியது பல வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

போன மாதம் அவனைக் கடையில் கண்டேன். பில்லை எழுதி என் கையில் தந்தான். எழுத்து சுத்தமாக இருந்தது. “டீச்சர், இப்ப சரியா?” என்று கேட்டுச் சிரித்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.